டிஷ் பெட்டியில் பதிவு செய்த நிகழ்ச்சி வேறு எதிலும் ஓடவில்லை. வீட்டில் பதிவு செய்வதே சட்டப்படி பிழையா?

பதிந்தது பிழையில்லை. பதிந்ததை எங்கே பார்க்கலாம் என்பதில்தான் கரைச்சல். எனக்கும் இது நடந்தது.

நாங்கள் இருப்பது இலங்கையில் மல்லாவிப் பக்கம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மாவால் போக முடியவில்லை, முழங்கால் வருத்தம். நேரடி ஒளிபரப்பை டிஷ் பெட்டியில் பென்ட்ரைவ் செருகிப் பதிந்து கொடுத்தேன். ஐப்பசி இடியில் பெட்டி எரிந்து போச்சு. அதே கம்பனியின் புதுப் பெட்டியில் செருகினால், போர்மட் செய்யவா என்று கேட்கிறது. மடிகணினியில் போட்டால் ஃபைல் இருக்கிறது, நாலு ஜிபி காட்டுகிறது, திறந்தால் கறுப்புத் திரை. "உள்ளுக்குத்தானே கிடக்கு, பிறகேன் வராது?" என்று அம்மா கேட்டா.

இந்த மாதிரிப் பெட்டிகள் பதியும்போதே படத்தைப் பூட்டித்தான் எழுதுகின்றன. திறப்பு அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பில். பெட்டி போனால் திறப்பும் போச்சு. அதே மொடல் புதுப் பெட்டிக்கும் அது தெரியாது. கடையில் யாராவது "திறந்து தாறன்" என்றால் முற்காசு கொடுத்து விடாதீர்கள். ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலத்தில், ஒரு கசெற் எந்த டெக்கிலும் ஓடியது!

சரி, சட்டம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்க இடம் தருகிறது. ஆனால் பூட்டை உடைப்பதற்கென்றே செய்த கருவியை விற்கவென்று தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஒரு கையால் தந்து மறு கையால் வாங்குகிற கதைதான்.

அமெரிக்காவில் இது பெரிய வழக்கானது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான பாவனை என்று 1984 இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் 5க்கு 4 என்று மயிரிழையில். 2003 இல் தொலைத்தொடர்பு ஆணைக்குழு, பதிந்ததைப் பரப்பக் கூடாது என்று காட்ட டிஜிட்டல் ஒளிபரப்போடு வரும் ஓர் அடையாளத்துக்கு ரிவிகளும் பதிவுக் கருவிகளும் கட்டுப்பட வேண்டும் என்று விதி போட்டது. 2005 யூலையில் நடைமுறைக்கு வர இருந்தது. அதற்கு முன்பே மே மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது: அலை வந்து சேர்ந்த பிறகு கருவி என்ன செய்கிறது என்பதில் கைவைக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரம் இல்லையாம். யப்பானில் 2008 இலிருந்து பிரதியை எண்ணிக் கொடுக்கிறார்கள், ஒரு பதிவிலிருந்து பத்துத் தடவை. அதாவது எடுக்கலாம், அளவோடு.

எங்கள் டிஷ் பெட்டிக்கு அரசாங்க விதி எதுவும் தேவைப்படவில்லை, கம்பனியே பூட்டி அனுப்புகிறது. அதனால் வாங்க முதல் ஒன்றைக் கேளுங்கள்: பதிந்த ஃபைல் வேறு இடத்தில் ஓடுமா? கடைக்காரர் முழித்தால் ஓடாது என்று அர்த்தம்.

அம்மாவுக்கு யூடியூப்பில் யாரோ போட்ட பொங்கல் வீடியோவைத் தேடிக் கொடுத்தேன். அதில் காவடி இல்லை என்று இன்னும் குறை.