சத்திரசிகிச்சையும் உடற்சூடும்: படுக்கைப் புண் பற்றிய ஒரு கேள்வி

வெள்ளவத்தையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்த அவருடைய தாயாருக்குக் கொழும்பில் சத்திரசிகிச்சை நடைபெறவுள்ளது. தாயார் 74 வயதான நீரிழிவு நோயாளி. உடலைச் சூடாக வைத்திருந்தால் படுக்கைப் புண் வராதாமே, சுடுநீர்ப் பை கொடுத்தனுப்பலாமா என்று கேட்கிறார்.

சுடுநீர்ப் பை வேண்டாம். நீரிழிவினால் பாதங்களில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு விறைக்கச் செய்தால் சில மணி நேரத்துக்குக் கால்களில் சூடே தெரியாது. அந்த நிலையில் தோல் வெந்தாலும் அவரால் சொல்ல முடியாது.

ஆனால் நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை உண்டு. மயக்க மருந்து கொடுத்ததும் உடலின் உட்பகுதியிலுள்ள சூடு கை கால்களுக்குப் பரவி வெளியேறுவதால், முதல் ஒரு மணித்தியாலத்திலேயே உள்வெப்பநிலை 1 முதல் 1.5 பாகை செல்சியஸ் வரை இறங்கிவிடக்கூடும். 36 பாகைக்குக் கீழே போனால் அதை உடல் குளிர்தல் என்று வைத்தியர்கள் கணிக்கிறார்கள். குளிர்ந்த உடல் சூட்டைக் காப்பதற்காகத் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். ஏற்கெனவே சத்திரசிகிச்சை மேசையில் அழுந்திக்கொண்டிருக்கும் குதிக்காலுக்கும் பிட்ட எலும்பின் மேலுள்ள தோலுக்கும் வரும் இரத்தம் அதனால் மேலும் குறையும். 2001இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், சூடேற்றப்பட்ட நோயாளிகளுக்குப் புண் குறைவாகவே வந்தது. எனினும் அந்த வேறுபாடு உறுதியாகச் சொல்லப் போதுமானதாக இருக்கவில்லை. ஆகவே சூட்டை ஒரு துணையாகவே கருதுகிறேன். அழுத்தத்தைக் குறைப்பதுதான் முதன்மையானது.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் வெதுவெதுப்பான காற்றைச் செலுத்தும் போர்வையும் சூடாக்கிய சேலைனும் வைத்தியக் குழுவின் பொறுப்பு. அவை கிடைக்குமா என்று மயக்க மருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை. உங்கள் பங்கு அதற்கு முன்பே தொடங்குகிறது. வெளியே கொழும்பு வெயில் கொளுத்தினாலும், குளிரூட்டிய கூடத்துக்கு வெளியே மெல்லிய அங்கியுடன் காத்திருக்கும் முதியவருக்குக் குளிரும். ஒரு போர்வையும் காலுறையும் கொடுத்தனுப்புங்கள், குளிர்கிறது என்றால் உடனே சொல்லும்படி அம்மாவிடமும் கூறிவையுங்கள்.

விடுதிக்குத் திரும்பியதும் தாதியரின் அனுமதியுடன் கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதிக்கால்கள் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சை செய்த இடுப்பை எப்படித் திருப்பலாம் என்பதை அவர்களிடமே கேட்டறியுங்கள். மேசையில் ஏற்பட்ட பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்தும் வெளிப்படலாம் என்பதால், நாள்தோறும் குதிக்கால்களையும் முதுகின் அடிப்பகுதியையும் பாருங்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது; தொட்டுப் பார்த்து, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தாலும், அம்மா அங்கே வலிக்கிறது என்றாலும், அன்றே தாதியிடம் காட்டுங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிட வேண்டாம்.