அங்கே நோயாளி விருந்தாளி, இங்கே டாக்டர் விருந்தாளி

(வாசகர் கேள்வி – பதில்)

மன்னார்குடி வாசகி: 'ஹவுஸ்' தொடரின் டாக்டர் மகா கெட்டிக்காரர். ஆனால் நோயாளியின் அறைக்குள் கால் வைக்கவே மாட்டேன் என்கிறார். நம் சீரியல் டாக்டர்களோ கண் கலங்குகிறார்கள். ஆங்கிலத் தொடர்களில் மட்டும் டாக்டரை ஏன் இப்படிக் கல்லாகப் படைக்கிறார்கள்?

குணத்தைவிடக் கால்ஷீட்தான் இதற்குக் காரணம். 2004 முதல் 2012 வரை 177 எபிசோட் ஓடிய தொடர் அது. டாக்டர் வாராவாரம் வர வேண்டியவர். நோயாளி பெரும்பாலும் ஒரே எபிசோடுக்கு வந்து போகிற விருந்தாளி. சுமார் 44 நிமிடத்துக்குள் அவர் மயங்கி விழ வேண்டும், இரண்டு மூன்று தப்பான கணிப்புகளைத் தாங்க வேண்டும், கடைசியில் பிழைக்கவோ சாகவோ வேண்டும். போகிற ஆளிடம் டாக்டர் மனசை வைத்துவிட்டால் அடுத்த வாரம் புது ஆளோடு கதையைத் தொடங்க முடியாது. அதனால் பாசமும் சண்டையும் டாக்டர்களுக்குள்ளேயே சுற்றிவரும்; நோயாளிக்குக் கிடைப்பது புதிர் என்கிற அந்தஸ்து.

முதல் எபிசோடையே பாருங்கள். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் மழலையர் பள்ளி ஆசிரியைக்கு வாய் குழறிப் பேச்சு நின்றுபோகிறது. அதில் முக்கால்வாசி நேரம் டாக்டர் அவரைப் பார்க்கவே இல்லை. இனி சிகிச்சையே வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் அறைக்குள் நுழைகிறார். அந்த விலகலைக் காட்டுவது போலத்தான் அந்த ஆஸ்பத்திரி அறைகளின் கண்ணாடிச் சுவர்: நோயாளி தெரிவார், குரல் கேட்காது.

நம் சீரியலில் கணக்கு அப்படியே தலைகீழ். படுக்கையில் கிடக்கிற மாமியார் 400 எபிசோடாக இருப்பவர். டாக்டர்தான் ஒரு நாள் கால்ஷீட்டுக்கு வந்த விருந்தாளி; பாதி நேரம் அவருக்குப் பெயர்கூட இருக்காது. அவர் கலங்குவது நோயாளிக்காக என்று நினைக்காதீர்கள். எதிரே நிற்கும் ஆறு சொந்தக்காரர்களின் முகத்துக்கு ஆறு க்ளோஸ்-அப் எடுக்க வேண்டும். அதற்கு எடுத்துக்கொடுக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் அந்த ஆங்கிலத் தொடரிடமிருந்து நம்பிவிடாதீர்கள். 'எல்லாரும் பொய் சொல்வார்கள்' என்பது அந்த டாக்டரின் வேதவாக்கு. 1975-இல் பிரிட்டனில் புதிதாக வந்த 80 வெளிநோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் 66 பேருக்கு, நோயாளி வாயால் சொன்னதைக் கேட்டதிலேயே கடைசிவரை நிலைத்த நோய்க்கணிப்பு கிடைத்துவிட்டது. உடலைத் தொட்டுப் பார்த்ததும் சோதனைகளும் மாற்றியது மிச்சம் சிலருக்குத்தான்.

பாபநாசம் வாசகர்: '24 மணி நேரம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும்' என்று நிஜ டாக்டர்கள் சொல்வார்களா?

சொல்வார்கள். தலையில் அடிபட்டவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு நாளில் மூளை வீக்கமோ கசிவோ கூடலாம் என்பதால் நினைவு நிலையை மணிக்கணக்கில் குறித்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் நிஜத்தில் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இன்னும் நாலு வாக்கியம் வரும்: ஸ்கேனில் என்ன இருந்தது, எதைக் கவனிக்கிறோம், மறுபடி ஸ்கேன் எப்போது, யார் கையெழுத்துப் போட வேண்டும். சீரியலில் அந்த இடத்தில் 'தொடரும்'.

நாகப்பட்டினம் வாசகர்: மானிட்டரில் கோடு நேராகப் போனதும் ஷாக் கொடுக்கிறார்கள், நோயாளி எழுந்துவிடுகிறார். டாக்டர் முகத்தில் மட்டும் ஒரு சலனமும் இல்லை. இதில் எது நிஜம்?

அந்த முகம்தான் நிஜம். மற்ற இரண்டும் தப்பு.

நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது. தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தை ஒரு கணம் நிறுத்தி ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் ஷாக். துடிப்பே இல்லாத இதயத்தில் ஒழுங்குபடுத்த ஒன்றுமில்லை; நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலின் ஊசியும் காரணத்தைத் தேடுவதும்தான் வழி. அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம். முழங்கை மடங்கக் கூடாது. படப்பிடிப்பில் படுத்திருப்பது உயிருள்ள நடிகர், அந்த ஆழத்துக்கு அழுத்தினால் விலா எலும்பு போய்விடும். அதனால்தான் திரையில் கையை மடக்கி மாவு பிசைவது போலச் செய்கிறார்கள். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டிருப்பவர் முகத்தில் சலனம் எங்கிருந்து வரும்? அது கல்நெஞ்சம் இல்லை, எண்ணிக்கை.

1996-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 'இ.ஆர்.', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' ஆகிய தொடர்களில் இதய மீட்புக் காட்சிகளை எண்ணியது. 60 காட்சிகளில் 75 சதவீதம் பேர் அந்த நேரத்துக்குப் பிழைத்துவிட்டார்கள். நிஜ ஆஸ்பத்திரியில் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் கணக்கு இதற்குப் பக்கத்தில்கூட வராது. வார்டு வாசலில் 'இன்னொரு தடவை ஷாக் வச்சுப் பாருங்க சார்' என்று கேட்கிற உறவினருக்கும், 'இனி பயனில்லை' என்று சொல்கிற டாக்டருக்கும் நடுவில் அந்த 75 சதவீதம் நிற்கிறது.

திருவாரூர் வாசகர்: குறும்படம் எடுக்கிறோம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, 58 வயது விவசாயி, நுரையீரல் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லும் காட்சி. டாக்டர் விலகி நிற்பவர், ஆனால் வில்லன் இல்லை. எப்படி எழுதுவது?

டாக்டரைக் கத்த விடாதீர்கள். கத்துகிறவர் ஏதோ ஒரு விதத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவர். விலகல் மரியாதையாகத்தான் பேசும். அது தெரியும் இடங்கள் சின்னவை: பெயரைச் சொல்லாமல் 'பன்னெண்டாம் பெட்' என்பது, விவசாயியை விட்டுவிட்டு மகனைப் பார்த்துப் பேசுவது, கேஸ் ஷீட்டில் பேனா ஓடிக்கொண்டே இருப்பது, கெட்ட சேதி வரும் இடத்தில் மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவுவது.

கெட்ட சேதி சொல்ல டாக்டர்களுக்கென்றே ஆறு படி முறை ஒன்று உண்டு. புற்றுநோய் மருத்துவர்கள் 2000-இல் எழுதிவைத்தது. அதையே திரைக்கதைக்கு முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, எந்தப் படியில் இவர் தவறுகிறார் என்று முடிவு செய்யுங்கள். முதலில் இடம்: உட்கார வைப்பது, தானும் உட்காருவது. அடுத்து 'இதுவரைக்கும் உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க?' என்று கேட்பது. மூன்றாவது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது. நம் ஊரில் காட்சி உடைவது இங்கேதான். மகன் கண் ஜாடையில் டாக்டரை வெளியே கூப்பிட்டு, 'அப்பாகிட்ட சொல்லாதீங்க சார், தாங்க மாட்டார்' என்பான். விலகி நிற்கிற டாக்டருக்கு அது வசதி. உடனே சரி என்பார். அக்கறையுள்ளவர், 'நான் முதல்ல அவர்கிட்டயே கேட்டுக்கிறேன், அவருக்கு எவ்வளவு தெரியணும்னு' என்பார்.

நான்காவது, சேதி. 'கொஞ்சம் கஷ்டமான விஷயம்தான் சொல்லணும்' என்று ஒரு முன்னெச்சரிக்கை, பிறகு ஒரே வாக்கியம். 'கட்டி மாதிரி இருக்கு' என்று மழுப்பினால் கரைகிற கட்டி என்று கேட்டுக்கொள்வார்கள். 'கேன்சர்' என்ற சொல் ஒரு தடவையாவது வர வேண்டும். ஐந்தாவது, அவர் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது; அதற்கு முதலில் வாயை மூடிக்கொண்டு இருப்பது. எடிட்டிங்கில் முதலில் வெட்டுப்படுவது இதுதான். எட்டு விநாடியாவது விடுங்கள், பின்னணி இசை வேண்டாம், வார்டு ஃபேன் சத்தம் போதும். கடைசிப் படி, அடுத்து என்ன: எந்த நாள், எந்த வார்டு, காப்பீட்டு அட்டை இருக்கிறதா.

இப்போது உங்கள் விவசாயிக்கு ஒரு வரி. தை மாதமென்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்பது 'பிழைப்பேனா' என்றிருக்காது. 'சம்பா அறுப்பு கிடக்கு, முடிச்சிட்டு வரலாமாய்யா?' விலகிய டாக்டர், 'அதெல்லாம் உங்க இஷ்டம், நான் எழுதிட்டேன்' என்று சீட்டை நீட்டுவார். இன்னொரு டாக்டராக இருந்தால் பேனாவை மூடிவிட்டு 'எத்தனை மா?' என்று கேட்பார். 'ஒம்போது மா' என்றால் மூணு ஏக்கர், மெஷின் வந்தால் ஒரு நாள் வேலை. 'அடுத்த திங்கக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமா?' கருணை என்று ஒரு வார்த்தை வசனத்தில் வேண்டியதில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மருத்துவ மாணவி: வார்டில் ஒரு குழந்தை இறந்தபோது அழுதுவிட்டேன். 'டிடாச்டா இரு, இல்லைன்னா இந்தத் தொழில் முடியாது' என்றார் சீனியர். தொடர்களில் வருவதைப் போல மரத்துப்போகத்தான் வேண்டுமா?

சீனியர் சொன்னது பாதிச் செய்தி. 1889-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் ஆற்றிய உரை இந்தக் கலங்காமைக்கு மூலம் மாதிரி. நெருக்கடியில் முகம் மாறாதிருங்கள் என்றவர், மனிதநெஞ்சை இறுக்கிவிடாமல் என்றும் கூடவே சொன்னார். பின்பாதியை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. 1963-இல் சமூகவியலாளர் ரெனே ஃபாக்ஸும் மனநல மருத்துவர் ஹரால்ட் லீஃபும் மருத்துவ மாணவர்களைப் பற்றி எழுதியபோது வைத்த பெயரே 'விலகி நிற்கும் அக்கறை'. அதில் விலகலும் உண்டு, அக்கறையும் உண்டு.

அழுதது தப்பில்லை. ஓர் அளவுகோல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தையைப் பறிகொடுத்த தாய் உங்களைத் தேற்றும்படி ஆகிவிடக் கூடாது. ஆகும்போலிருந்தால் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். கை கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், இரண்டு நிமிடம் கழித்து அடுத்த படுக்கைக்குப் போங்கள். அன்று இரவே யாரிடமாவது அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசிவிடுங்கள். 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். வகுப்பிலிருந்து மனப்பாங்கு, அறநெறி, பேச்சுமுறைக்கென்று தனிப் பாடத்திட்டமே உண்டு. அந்த வகுப்பைக் கட் அடிக்காதீர்கள்.

கும்பகோணம் வாசகி: அம்மாவுக்குச் சர்க்கரை. ஓ.பி.யில் டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. டி.வி. டாக்டர் மாதிரி வேண்டாம், நாலு வார்த்தை பேசவைக்க வழி உண்டா?

67 நாடுகளை அலசி 2017-இல் வந்த ஆய்வில், இந்தியாவில் டாக்டரைப் பார்க்கும் நேரம் சுமார் 2 நிமிடம். நோயாளி பேச ஆரம்பித்த 18 விநாடியில் டாக்டர் குறுக்கிடுகிறார் என்பது 1984-இல் அமெரிக்காவில் எடுத்த கணக்கு. ஆகவே முதல் வாக்கியத்தை வீட்டிலேயே தயார் செய்யுங்கள். 'உடம்பு ஒரு மாதிரியா இருக்கு' என்பது வீண். 'இருபது நாளா வலது கால் கட்டைவிரல்ல உணர்ச்சி இல்ல, நேத்து புண்ணு பாத்தோம்' என்றால் பேனா நிற்கும். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி, பாதத்தைத் துடைத்துக் காட்டத் தயாராக இருங்கள். மாத்திரைப் பெயர் சொல்லத் தடுமாற வேண்டாம், அட்டைகளையே கொண்டுபோங்கள். பழைய சீட்டுகளைத் தேதிவாரியாக, புதியது மேலே இருக்கும்படி அடுக்குங்கள். அம்மா பேசும்போது நீங்கள் முந்தாதீர்கள்; முந்தினால் டாக்டர் அதன்பிறகு உங்களிடம்தான் பேசுவார்.

இன்னொன்று. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது டாக்டர் குழுவுக்கும், ஓ.பி. கிழமை வேறு வேறு. சீட்டில் யூனிட் எண் இருக்கும். பஸ் வசதியைப் பார்த்துக் கிழமையை மாற்றாமல், அதே யூனிட் கிழமையில் மூன்று தடவை போய்ப் பாருங்கள். மூன்றாவது தடவை 'கால் எப்படி இருக்கும்மா?' என்று அவரே கேட்கக்கூடும்.