ஐந்து வயதுப் பையனுக்கு 675 மடங்கு எதற்கு?

கேள்வி: எனக்குச் சிறு வயதிலிருந்தே வானம் பார்க்கும் பைத்தியம் உண்டு. ஐந்து வயது மகனுக்கும் அது ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. நண்பரின் டெலஸ்கோப்பில் வியாழனைக் காட்டினேன், "ஒண்ணும் தெரியல" என்று ஓடிவிட்டான். அவனுக்கென்றே 60 மி.மீ., 675 மடங்கு என்று போட்டிருக்கும் ஒன்றை வாங்கலாமா?

வாங்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பையன் சொன்னது உண்மைதான். அந்த வயதில் ஒரு கண்ணை மட்டும் மூடப் பல பிள்ளைகளுக்கு வராது, ஒன்றை மூடினால் மற்றதும் சேர்ந்து மூடிக்கொள்ளும். போதாததற்குக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான், வியாழன் காணாமல் போய்விடும். பிடிக்காவிட்டாலும் பூமி சுழல்கிறதே, 100 மடங்கில் வைத்தால் ஓரிரு நிமிடத்தில் அது தானாகவே வட்டத்தை விட்டு நகர்ந்துவிடும், நீங்கள் குனிந்து சரிசெய்துகொண்டே இருப்பீர்கள், அவன் கொட்டாவி விடுவான். நாம் ஆசையாகக் கேட்கிறோமே என்று "ஆமா, தெரியுது" என்று சும்மா சொல்லிவிடும் பிள்ளைகள்தான் அதிகம். உங்கள் மகன் அப்படிச் சொல்லாததற்கே அவனைப் பாராட்டலாம்.

இப்போது அந்த 675. முன்பக்க லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல இரண்டு பங்கு, அதற்கு மேல் பெரிதாக்கினால் உருப்படியாக எதுவும் தெரியாது. 60 மி.மீ.க்கு 120 மடங்கு, அவ்வளவுதான். பிறகு 675 எங்கிருந்து வருகிறது? முன்லென்ஸின் 900 மி.மீ. குவியத் தூரத்தை (லென்ஸிலிருந்து பிம்பம் விழும் இடம்வரை உள்ள தூரம்) கண்லென்ஸின், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸின், 4 மி.மீ. குவியத் தூரத்தால் வகுத்து, நடுவில் சொருகும் மூன்று மடங்கு லென்ஸால் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். கணக்கு சரி, கண்ணுக்குத் தெரிவது மங்கலான பூசணம். இப்படி ஒரு எண்ணைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்து விற்பவர்களை ஏன் யாருமே கேட்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மடங்கை முதலில் சொல்லும் விற்பனையாளரிடம் அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? வளர்பிறை நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை நிலாவைக் காட்டுங்கள். சூரியன் மறைந்ததுமே நிலா மேலே நிற்கும், அவன் தூங்கும் நேரத்தோடு சண்டை போட வேண்டாம். பௌர்ணமி வேண்டாம், அன்று நிழலே இருக்காது, வெறும் வெள்ளைத் தட்டுதான். வீட்டில் 7 அல்லது 8 மடங்கு பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஐந்து வயதுக் கண்களுக்கு இடையே உள்ள தூரம் குறைவு, முழுக்க மடக்கினாலும் அவனுக்கு இரண்டு வட்டமாகத் தெரியலாம். ஒரு குழாயில் மட்டும் பார்க்கட்டும், இன்னொரு கண்ணை உங்கள் உள்ளங்கையால் பொத்திவிடுங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில்தான் பள்ளங்கள் தெரியும். பார்த்ததும் வரையச் சொல்லுங்கள், எதைப் பார்த்தான் என்பது அப்போது தெரிந்துவிடும். பத்து நிமிடம் போதும். கோள்களின் பெயரை வரிசையாக ஒப்பிக்க வைக்காதீர்கள், அந்த வேலையைப் பள்ளிக்கூடமே செய்து ஆசையைக் கொன்றுவிடும்.

இன்னொரு நாள், நல்ல இருட்டில், கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், நடுவில் செல்போனை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. தெருவிளக்கை மேலே பார்க்க வைத்து வானத்துக்கு வெளிச்சம் போடுகிறவர்களை என்ன சொல்வது!

பகலில் நிலா தெரிந்தால் காட்டலாமா? காட்டலாம், வெறுங்கண்ணால் மட்டும். அதுவும் சூரியன் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும்படி நிழலில் நின்றுகொண்டு. பைனாகுலரைப் பகலில் அவன் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், சூரியன் பக்கம் ஒரு கணம் திரும்பினாலும் விழித்திரை போய்விடும், வலிகூடத் தெரியாது. மலிவு டெலஸ்கோப்போடு கண்லென்ஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும், சூரியன் பார்க்க என்பார்கள். வெப்பம் முழுவதும் குவிகிற இடத்தில் அதை வைக்கிறார்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விடும். நண்பரின் பெட்டியில் இருந்தால் இன்றைக்கே உடைத்துப் போடச் சொல்லுங்கள். சூரிய வடிகட்டி குழாயின் முன்வாயில்தான் வர வேண்டும், குறிபார்க்கும் சின்னக் குழாயையும் மூட வேண்டும். ஐந்து வயதில் அதுவும் வேண்டாம்.

அப்புறம், பிறந்த நாளுக்கு மகன் பெயரில் நட்சத்திரம் என்று யாராவது சான்றிதழ் விற்க வருவார்கள். நட்சத்திரங்களுக்கு அதிகாரப்பூர்வமாகப் பெயர் வைப்பது சர்வதேச வானியல் ஒன்றியம், அது பெயரை விற்பதில்லை. நீங்கள் வாங்குவது அழகான காகிதம் மட்டும்.

எட்டு வயதுவாக்கில் அவனே டெலஸ்கோப் கேட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். விட்டம் எத்தனை மில்லிமீட்டர், தாங்கி ஆடுகிறதா இல்லையா, இந்த இரண்டை மட்டும் எழுதினால் போதும்.