பொது வைஃபையில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் மேலே போகலாமா?

ரயில் நிலையத்திலும் விமானத்திலும் வைஃபையில் சேர்ந்தவுடன் 'பாதுகாப்பான இணைப்பு அல்ல' என்று வருகிறதே, தாண்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாண்டாதீர்கள். ஆனால் அது எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள்.

தண்டையார்பேட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ராயபுரம், காசிமேடு பக்கமிருந்து கப்பல் வேலைக்குப் பறக்கும் தம்பிகளும் இதைக் கேட்பார்கள்.

வைஃபையில் லாகின் செய்யும் முன் வந்தால் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. மொபைல் எண், ஓடிபி கேட்கும் பக்கத்தைக் காட்ட, அந்த நெட்வொர்க் உங்களை வழிமறிக்கிறது. நீங்கள் திறந்தது ஜிமெயில். ஒரு தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் அடையாளச் சீட்டுதான் சான்றிதழ். ஜிமெயிலின் சான்றிதழ் அந்த நெட்வொர்க்கிடம் இல்லை. அதனால் குரோம் தடுக்கிறது. சான்றிதழ் கேட்காத வெறும் எச்டிடிபி முகவரி (https இல்லாமல் http என்று தொடங்குவது) ஒன்றைத் திறங்கள். 'நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்' (neverssl.com) இதற்கென்றே இருக்கிறது. லாகின் பக்கம் வந்துவிடும். அப்புறம், போனில் தேதி தப்பாக இருந்தாலும் இதுபோன்ற எச்சரிக்கை வரும்.

லாகின் முடிந்து நெட் ஓடிக்கொண்டிருக்கும்போது வங்கிக்கோ மெயிலுக்கோ எச்சரிக்கை வந்தால் உடனே வைஃபையை அணைத்துவிடுங்கள். நடுவில் ஒருவர் உட்கார்ந்து படிக்கப் பார்க்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2015 ஜனவரியில் அமெரிக்க விமான வைஃபை நிறுவனமான கோகோ, யூடியூபுக்குப் போனவர்களுக்கு கூகுள் பெயரில் தானே தயாரித்த சான்றிதழைக் காட்டியது. பயணியாகப் போன குரோம் பொறியாளர் ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ட்விட்டரில் போட்டுவிட்டார். வீடியோவைத் தடுக்கத்தான் அப்படிச் செய்தோம், பயணிகளின் தகவலை எடுக்கவில்லை என்றது நிறுவனம். எடுக்காமலே இருந்திருக்கட்டும். காசு கொடுத்து நெட் வாங்கியவரை எச்சரிக்கையைத் தாண்டப் பழக்குவதே எனக்குப் பெரிய கெடுதலாகப் படுகிறது. அடுத்த முறை உண்மையான திருடன் வரும்போதும் அவர் அதே பட்டனைத்தானே அழுத்துவார்?

இன்னொன்றும் உண்டு. 'நெட் வேண்டுமென்றால் இந்தச் சான்றிதழை இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று எந்த இலவச வைஃபை கேட்டாலும் செய்யவே செய்யாதீர்கள். செய்துவிட்டால் அதன் போலிகளையெல்லாம் பிரவுசர் நம்பத் தொடங்கிவிடும், எச்சரிக்கைகூட வராது. ஏற்கனவே செய்திருந்தால், ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'சான்றிதழ்' என்று தேடி, பயனர் சான்றிதழ் பட்டியலைத் திறந்து பாருங்கள். அலுவலகம் கொடுத்த போனாக இருந்தால் அவர்கள் போட்டது ஒன்று இருக்கலாம், அதைக் கேட்டுக்கொண்டு தொடுங்கள். சொந்த போனில் நீங்கள் அறியாத ஏதாவது இருந்தால் நீக்கிவிடுங்கள்.