ஈகோ வேனுக்குள் பெட்டியும் டிராயரும்: வீட்டு அலமாரிக் கணக்கு ஏன் பொருந்தாது?

கேள்வி: மாருதி ஈகோ 5 சீட்டர் வைத்திருக்கிறேன். நானும் மனைவியும் மாதம் ஒருமுறை இரண்டு மூன்று நாள் மலைப்பக்கம் போய், வண்டியிலேயே படுத்து, சமைத்துச் சாப்பிட்டு வர ஆசை. வீட்டு வேலை செய்யும் ஆசாரியிடம் கேட்டேன். 18 எம்.எம். பிளைவுட்டில் ஒரு பக்கம் முழுக்க அலமாரி, மேலே லாஃப்ட், எல்லாவற்றுக்கும் சன்மைக்கா, தரையில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடலாம் என்கிறார். சரிவருமா? மலைப்பாதையில் டிராயர் திறந்துகொள்ளாமல் இருக்க என்ன வழி? (திருப்பூர் வாசகர்)

பதில்: அவர் சொன்னதில் நான்குமே வேண்டாம். நல்ல ஆசாரியாகவே இருப்பார். ஆனால் வீட்டு அலமாரி சுவரோடு சாய்ந்து ஓரிடத்தில் நிற்பது. வண்டிக்குள் வைக்கும் பெட்டி குலுங்கும், பிரேக் போட்டால் முன்னே பாயும், வெயிலில் நிறுத்தினால் வேகும், மழைக்கால இரவில் வேர்க்கும். அதனால் எடையையும் பிடிமானத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள். எத்தனை அறை, எத்தனை டிராயர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். அதில் வெற்று எடையும் மொத்த எடையும் இருக்கும். இரண்டின் வித்தியாசத்துக்குள்தான் நீங்கள் இருவரும், தண்ணீரும், பாத்திரமும், மரச்சாமானும் அடங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளரின் அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. நிரந்தரமான மோட்டார் கேரவன் என்றால் அதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரவிதி இருக்கிறது. உங்கள் தேவைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. போல்ட்டைக் கழற்றினால் அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிடும் தனித்தனிப் பெட்டிகளாகச் செய்யுங்கள். ஊர் திரும்பியதும், பெட்டிக்காகக் கழற்றிய பின்சீட்டை மறுபடி மாட்டிவிடலாம். சீட்டைக் கழற்றி ஓட்டுவது பற்றி மட்டும் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீட் இல்லாத நேரத்தில் பின்பக்கம் யாரும் உட்கார்ந்து வரக் கூடாது. பெட்டி சீட் ஆகாது, அதற்கு பெல்ட் கிடையாது.

அளவெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வண்டியின் உட்சுவர் நேராக இல்லை, மேலே போகப் போக உள்ளே வளையும். அகலத்தைத் தரையில், வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேல் உள்ளே புடைத்திருக்கும் மேடு) உயரத்தில், ஜன்னல் விளிம்பில் என மூன்று இடத்தில் எடுங்கள். வளைவைப் பிடிக்க ஒரு கெட்டி அட்டையைச் சுவருக்கு ஒட்டினாற்போல நிறுத்தி, ஒரு பெரிய வாஷரின் ஓட்டைக்குள் பென்சில் முனையை வைத்து, வாஷரைச் சுவரோடு உருட்டிக்கொண்டே போனால் அதே வளைவு அட்டையில் விழும். கோட்டின் மேல் வெட்டி வைத்துப் பாருங்கள், இடித்தால் இன்னும் கொஞ்சம் சீவுங்கள். பெட்டிக்கும் உலோகச் சுவருக்கும் நடுவே 10 முதல் 15 எம்.எம். இடைவெளி விட வேண்டும். ஓடும்போது வண்டியின் உடல் சற்றே முறுக்கிக்கொள்ளும். இறுக்கமாகச் செருகிய பெட்டி முதலில் கிறீச்சிடும், பிறகு பெயின்ட்டைத் தேய்க்கும், அந்த இடத்தில் துரு ஏறும்.

உயரத்துக்கு ஒரு கணக்கு. ஆண் ஒருவர் நிமிர்ந்து உட்கார 900 எம்.எம். வேண்டும். மெத்தை அமுங்கிய பின் 50. தரையிலிருந்து கூரைக்கு 1,200 வந்தால் பெட்டியின் உயரம் 250தான். இதற்கு மேல் உயர்த்தினால் சாமான் கூடுதலாகப் போகும், ஆனால் இரவெல்லாம் கூன் போட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கும். மழை நாளில் நான்கு மணி நேரம் உள்ளேயே இருக்க நேர்ந்தால் அந்த அருமை தெரியும். 250ஐத் தாண்டாதீர்கள்.

நீளம் 1,850 என்று வைத்துக்கொள்வோம். பின்கதவை ஒட்டிப் பக்கத்துக்கு ஒன்றாக 900 ஆழமுள்ள இரண்டு பெட்டிகள், அவற்றுக்கு முன்னால் குறுக்கே 450 ஆழத்தில் ஒரு பெட்டி, அதன் விளிம்பில் பியானோ கீல் (விளிம்பு நீளத்துக்கும் வரும் ஒரே கீல்) போட்டு மடித்து விரிக்கும் 500 எம்.எம். பலகை. பகலில் பலகை மடங்கி முன்பெட்டியின் மேல் படுத்துக்கொள்ளும். இரவில் முன் சீட்டுகள் எவ்வளவு நகருமோ அவ்வளவு முன்னே தள்ளிவிட்டு விரித்தால், 25 எம்.எம். சதுர அலுமினியக் கால் இரண்டு அதைத் தாங்கும். ஈகோவின் என்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருப்பதால், பலகை மடங்கியிருக்கும்போது சீட்டைத் தூக்க முடிகிறதா என்று அட்டை மாதிரியிலேயே பார்த்துவிடுங்கள். வீல் ஆர்ச்சுகளுக்கு நடுவே 1,100 கிடைத்தால் பின்பெட்டிகள் தலா 540 அகலம், நடுவில் 20 எம்.எம். சந்து. இடம் குறைந்தால் பெட்டியை ஒடுக்கி, மேல் பலகையை மட்டும் ஆர்ச்சுக்கு மேலே நீட்டிக்கொள்ளலாம். ஆர்ச் 250ஐவிட உயரமாக இருந்தால் அதைச் சுற்றிப் பலகையை வெட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் சேர்த்துச் சுமார் 6.4 சதுர மீட்டர் பிளைவுட் ஆகும். 8க்கு 4 அடி ஷீட் ஒன்று 2.98 சதுர மீட்டர். வெட்டுக் கழிவோடு மூன்று ஷீட் வாங்க வேண்டும். டிராயர் அடிப்பலகைக்கு 6 எம்.எம். ஷீட் தனி. இப்போது எடையைப் பாருங்கள். பாப்லர் என்ற எடை குறைந்த மரம் வைத்த 12 எம்.எம். பிளைவுட்டில் செய்தால் மொத்தம் ஏறக்குறைய 40 கிலோ. கடின மர 12 எம்.எம். என்றால் 52. ஆசாரி சொன்ன 18 எம்.எம்., இரு பக்கமும் 1 எம்.எம். சன்மைக்கா என்றால் இதே பெட்டிகள் 95 கிலோவைத் தொடும். அதில் சன்மைக்கா மட்டுமே 18 கிலோ. இன்னொரு ஆளை எப்போதும் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது போலத்தான். அலமாரியும் லாஃப்ட்டும் சேர்ந்தால் இதற்கும் மேல், அதுவும் வண்டியின் உச்சியில். உயரமான, குறுகலான வண்டியில் மேலே எடை ஏற்றினால் வளைவுகளில் சாயும் அளவு கூடும். கூரைப் பக்கம் துணிப்பைக்கு ஒரு வலை போதும்.

எந்தப் பிளைவுட்? ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது கொதிநீரைத் தாங்கும் பசையில் செய்தது. தண்ணீர் கேன் நிற்கும் பெட்டிக்கு அதையே போடுங்கள். மற்றவற்றுக்கு ஐ.எஸ். 303 போதும், ஆனால் வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் இரண்டு கை பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ் அடித்தாக வேண்டும், ஈரம் ஓரத்தின் வழியாகத்தான் ஏறும். பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூ குலுக்கலில் தளர்ந்து ஓட்டை பெரிதாகிவிடும். எம்.டி.எஃப். எடை அதிகம், நனைந்தால் ஊதும். பி.வி.சி. போம் போர்டு தண்ணீருக்கு அசராது, ஆனால் ஸ்க்ரூவைப் பிடிக்காது. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் ஏறும் சூட்டில் நடுவில் தொய்ந்தும் போகும். அதே சூட்டில் ரப்பர் பசை இளகிச் சன்மைக்கா ஓரம் கிளம்புவதும் வழக்கம்.

மூட்டுகளுக்கு ஆணி ஆகாது. பிளைவுட்டின் ஓரத்தில் நேராகப் போட்ட ஸ்க்ரூ மட்டுமிருந்தாலும் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஆடத் தொடங்கும். உள்மூலைகளில் 20 எம்.எம். சதுர ரீப்பர் (மரச்சட்டம்) வைத்து, தண்ணீர் தாங்கும் மரப்பசை பூசி, 2.5 எம்.எம். துளை போட்ட பின் 3.5 எம்.எம். தடிமன் ஸ்க்ரூவை 150 எம்.எம்.க்கு ஒன்றாக இறக்குங்கள். மூட்டைப் பசைதான் பிடிக்கிறது. அது காயும் வரை அழுத்திப் பிடிப்பதே ஸ்க்ரூவின் முதல் வேலை. கழற்றி மாட்டும் இடங்களில் எம்6 (6 எம்.எம். தடிமன்) போல்ட்டும், உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டும். சாதாரண நட் போட்டால் குலுக்கலில் தானே கழன்று போகும்.

படுக்கைப் பலகை 12 எம்.எம். போதும், ஆனால் அடியில் 400 எம்.எம்.க்கு மேல் தாங்கலில்லாத இடம் இருக்கக் கூடாது. 540 அகலப் பெட்டியில் டிராயருக்கு மேலே தாங்கல் வைக்க இடமில்லாததால், பலகையின் அடியில் 25க்கு 3 எம்.எம். அலுமினியப் பட்டையைக் குறுக்கே செங்குத்தாக நிறுத்தி, சிறிய எல் கிளாம்பில் பிடியுங்கள். மெத்தைக்கு அடியில் 30 எம்.எம். துளைகளை 150 எம்.எம். இடைவெளியில் போட்டுவிடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் உடல் சூட்டின் ஈரம் மெத்தையைத் தாண்டி வந்து குளிர்ந்த பலகையில் நீராகப் படியும். துளையில்லாத பலகையில் இரண்டு மூன்று பயணத்திலேயே பூஞ்சை பிடித்துவிடும்.

அடுத்தது பிடிமானம். இதில் சமாதானமே கூடாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதல் நடந்தால் பெட்டியின் மேல் அதன் எடையைப் போல 20 மடங்கு விசை வரலாம். 35 கிலோ நிறைந்த பெட்டி 700 கிலோவாக முன் சீட்டை நோக்கிப் பாயும். தரைத் தகட்டில் போட்ட மர ஸ்க்ரூ இதற்கு முன் நிற்கவே நிற்காது. தரைக்கு அடியில் பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ஒயர் எல்லாம் ஓடுவதால் அங்கே துளை போடுவதே ஆபத்து. கம்பெனியே பலப்படுத்தி வைத்திருக்கும் இடம் சீட் போல்ட் துளைகள். அவற்றில் 40க்கு 5 எம்.எம். இரும்புப் பட்டையைக் குறுக்கே பிடித்து, பெட்டிகளை அந்தப் பட்டையோடு இணையுங்கள். எம்8 அளவில், 8.8 என்ற வலிமை ரக போல்ட் ஒன்றே ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். ஆனால் போல்ட் அறுவதற்கு முன்பே அதைச் சுற்றியுள்ள பிளைவுட் கிழிந்துவிடும். ஆகவே பெட்டியின் அடிப்பலகைக்கு உள்ளே, போல்ட் வரும் வரிசை முழுக்க 3 எம்.எம். தடிமன் பட்டை ஒன்று வைத்து, பலகையை இரண்டு இரும்புக்கும் நடுவே நசுக்கிப் பிடிக்க வேண்டும். பெட்டிக்கு நான்கு போல்ட். மூன்று பெட்டிகளையும் ஒன்றோடொன்று எம்6 போல்ட்டால் இணையுங்கள். பெட்டிக்கும் தரைக்கும் நடுவே 3 எம்.எம். ரப்பர் ஷீட் விரித்தால் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி டிராயர். டிராயர் ஓடும் தண்டவாளம்தான் சேனல். சாதாரண 45 எம்.எம். டெலஸ்கோப்பிக் சேனலுக்குப் பக்கத்துக்கு 13 எம்.எம். இடம் வேண்டும். இரு பக்கப் பலகையும் போக 540 பெட்டியின் உள்ளளவு 516. டிராயரின் வெளியளவு 490. இதில் 2 எம்.எம். தவறினாலும் இறுகும் அல்லது ஆடும், அதனால் பெட்டியைப் பூட்டி முடித்து அளந்த பிறகே டிராயர் பலகையை வெட்டச் சொல்லுங்கள். 45 கிலோ என்று எழுதியிருக்கும் சேனலை வண்டியில் பாதி எடைக்குத்தான் நம்பலாம், குழியில் இறங்கும்போது விழும் அடி அந்தக் கணக்கில் இல்லை. சமையல் டிராயருக்கு 53 எம்.எம். ஹெவி டியூட்டி சேனல், அதுவும் முழுக்க இழுத்த நிலையிலும் மூடிய நிலையிலும் பூட்டிக்கொள்ளும் வகை வாங்குங்கள். அதற்குப் பக்கத்துக்கு 19 எம்.எம். போகும். டிராயர் அடிப்பலகையைக் கீழிருந்து அடித்து ஒட்டாமல், பக்கப் பலகையில் 6 எம்.எம். காடி (பள்ளம்) எடுத்துச் செருகுங்கள். அடித்தது ஒரு நாள் பாத்திரத்தோடு கீழே விழும்.

டிராயர் ஏன் திறந்துகொள்கிறது? உங்கள் டிராயர்கள் பின்பக்கம் இழுப்பவை. ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது உள்ளே இருக்கும் 20 கிலோவும் பின்னே சரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இது ஒரு மணி நேரம் விடாமல் நடக்கும். சாஃப்ட் குளோஸ் சேனல் டிராயரை மெதுவாக மூடத்தான் உதவும், பூட்டாது. காந்தமும் பால் கேட்சும் (ஸ்பிரிங் குண்டு வைத்த பிடிப்பான்) அவ்வளவு எடையைப் பிடிக்காது. அழுத்தினால் பூட்டி, மறுபடி அழுத்தினால் குமிழ் வெளியே வரும் பட்டன் லாக்கைத் துணி வைக்கும் டிராயருக்குப் போடலாம். அது 15 எம்.எம்.க்கு மேல் தடிமன் கேட்கும் என்பதால் முகப்புப் பலகையின் உள்ளே 6 எம்.எம். துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். சமையல் டிராயருக்கு அதுவும் போதாது. சேனல் பூட்டோடு, டிரங்குப் பெட்டியில் இருப்பது போன்ற இழுத்து மாட்டும் டாகிள் கொக்கி பக்கத்துக்கு ஒன்று. கொக்கியை ஸ்க்ரூவில் பிடிக்காதீர்கள், எம்4 போல்ட் ஊடுருவி உள்ளே வாஷர் வைத்துப் பிடியுங்கள்.

டிராயரின் உள்ளுயரம் ஏறக்குறைய 170தான் கிடைக்கும். குக்கரை வெயிட் எடுத்துவிட்டு, மூடியைக் கவிழ்த்து வைத்து அளந்து பாருங்கள். நிற்கவில்லை என்றால் உயரம் குறைந்த, அகலமான குக்கர் வாங்குவது பெட்டியை உயர்த்துவதைவிட மேல். 20 லிட்டர் பப்பிள் டாப் கேன் இந்த உயரத்துக்குள் வராது. 10 லிட்டர் தட்டைக் கேன் இரண்டு வாங்கி முன்பெட்டிக்குள் வலம் ஒன்று, இடம் ஒன்றாக வையுங்கள். பேட்டரி வைப்பதானால் அதுவும் அங்கேதான். 100 ஏ.எச். (ஆம்பியர் மணி) லித்தியம் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ அளவில் இருக்கும். வீட்டு இன்வர்ட்டரின் டியூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும், ஆசிட் ஆவியும் வரும், அதைப் படுக்கைக்கு அடியில் வைக்கவே கூடாது. கனமானவை எல்லாம் பின் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடை முன் சக்கரத்தைத் தூக்கி ஸ்டியரிங் பிடியைக் குறைக்கும்.

அடுப்பை டிராயர் முகப்பை ஒட்டி வையுங்கள். முழுக்க இழுத்தால் அடுப்பு வண்டிக்கு வெளியே வந்துவிடும், தூக்கிய பின்கதவு மழைக்குக் கூரையாகும். தீயின் மேல் கதவின் உட்புற பிளாஸ்டிக் வராதபடி தள்ளி இழுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பெட்டிகளின் அடியில் குளம் போலத் தேங்கும். 5 கிலோ சிலிண்டரைச் சமைக்கும்போது தரையில் இறக்கி வைத்து, இரவில் ரெகுலேட்டரைக் கழற்றி வெளியிலேயே விடுங்கள். உள்ளே சமைப்பதும், குளிருக்கு அடுப்பை எரிய விட்டுத் தூங்குவதும் உயிரைப் பறிக்கும். படுக்கையில் இருந்தபடி ஒரு ஸ்லைடிங் கதவாவது தடையில்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும். தீயணைப்பான் அந்தக் கதவோரம், கைக்கு எட்டும் இடத்தில்.

வார்னிஷ் அடிப்பதற்கு முன் பெட்டிகளை மாட்டி, உள்ளே முழு எடையும் ஏற்றி, கரடுமுரடான சாலையில் 30 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சத்தம் எங்கே வருகிறது என்று சாக்பீஸால் குறிக்கட்டும். அந்த இடங்களில் ஃபெல்ட் பட்டை ஒட்டினால் போதும். 200 கிலோமீட்டர் ஆனதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கி, நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் எது தளர்கிறது என்று ஸ்பேனர் எடுக்காமலேயே தெரிந்துவிடும்.