சிலம்பம் பழகும் மகளுக்குக் கவசம் தேவையா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. மன்னார்குடியில் சிலம்பம் கற்கிறாள். பத்து நாட்களுக்கு முன் இருவர் எதிரெதிரே நின்று கம்பால் தொட்டு ஆடும் தொடுமுறைப் பயிற்சியில் கம்பு பட்டு மோதிர விரல் வீங்கிவிட்டது. எண்ணெய் தேய்த்து நீவியும் வற்றவில்லை. கையுறை, தலைக்கவசம் வாங்கலாமா என்று கேட்டால், "கவசம் போட்டால் பிள்ளைக்குக் கண் பழகாது" என்கிறார் ஆசான். பொங்கல் விழாவில் ஆட வேண்டும் என்று அவள் துடிக்கிறாள். என்ன செய்வது?

பதில்: முதலில் நீவுவதை நிறுத்துங்கள் அம்மா. உங்கள் மகளின் உள்ளங்கையைத் திருப்பி வைத்து, விரல்களை மெல்ல மடக்கச் சொல்லிப் பாருங்கள். நுனிகள் எல்லாம் கட்டைவிரலின் அடிமேட்டை நோக்கிச் சாய வேண்டும். மோதிர விரல் மட்டும் பக்கத்து விரலின் மேல் ஏறினாலோ அடியில் நுழைந்தாலோ, எலும்பு முறிந்து திருகியிருக்கக் கூடும். சரியாக மடங்கினாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். பத்து நாள் வற்றாத வீக்கத்தை வெறும் அடி என்று விட முடியாது. இந்த வயதில் எலும்பின் முனையருகே, அது நீண்டு வளரும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். பிள்ளைகளின் எலும்பு வேகமாகக் கூடும். கோணலாக இருந்தால் கோணலாகவே கூடிவிடும். கட்டுப் போடுகிறவரிடம் போகாமல் இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆசான் சொல்வதில் நியாயம் உண்டு. கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் பிள்ளைகள் ஓங்கி அடிப்பார்கள். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும். மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. கொப்பரையாகிவிட்ட தேங்காயை ஆட்டினால் உள்ளே பருப்பு முட்டும் அல்லவா? மேல் மட்டை எவ்வளவு தடித்திருந்தாலும் அந்த முட்டல் நிற்காது. அதனால் தலையில் அடிபட்டு மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, சொன்னதையே திரும்பச் சொன்னாலோ, அன்றோடு ஆட்டம் முடிந்தது, உடனே மருத்துவமனை.

ஆனால் கண், பல், விரல் மூன்றையும் பழக்கத்தை நம்பி விடக் கூடாது. எதிரில் நிற்பதும் ஒரு பிள்ளைதான். வியர்வையில் கம்பு வழுக்கும். தொடுமுறை ஆடும்போது முகத்தை மறைக்கும் கம்பியுள்ள தலைக்கவசம், விரல் கணுக்களின் மேல் பஞ்சு வைத்த கையுறை, பல்காப்பு இவை கட்டாயம். முன்கைக் காப்பும் வாங்குங்கள். அடியைத் தடுக்கக் கையை உயர்த்தும்போது சுண்டுவிரல் பக்கத்து முன்கை எலும்புதான் முழு அடியையும் வாங்கும். தடியடியின் பெயரையே அந்த முறிவுக்கு ஆங்கில மருத்துவம் வைத்திருக்கிறது. நிலைத்த பல் விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

நம் டெல்டாப் புழுக்கத்தில் கவசம் எளிதில் காயாது. ஈரத்தோடு பையில் திணித்தால் படர்தாமரை வரும். ஒருவர் கவசத்தை இன்னொருவர் போட வேண்டாம்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லையென்றால், மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டி வைக்கட்டும். வலியில்லாமல் கம்பை இறுகப் பிடிக்க முடிந்தால் பொங்கலுக்குத் தனிச்சுற்று ஆடட்டும். தொடுமுறை இந்தப் பொங்கலுக்கு வேண்டாம்.