புத்தகத்தை மூடிவிட்டு எழுதட்டும்

கேள்வி: ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். கதைப் புத்தகம் என்றால் பிள்ளைகள் ஆசையாகப் படிக்கிறார்கள். அறிவியல், வரலாறு என்றால் இரண்டு பக்கத்தில் மூடிவிடுகிறார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் புத்தகத்தில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதுகிறார்கள். கண்டித்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

பார்த்து எழுதும் பிள்ளையைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். படித்தது இன்னும் மனதில் ஒட்டவில்லை, எழுதியும் ஆகவேண்டும். வேறு என்ன செய்யும்?

1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள், கிட்டத்தட்ட உங்கள் மாணவர்களின் வயதிலிருந்த 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட, வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள் படித்ததை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். அதனால் புத்தகத்தைத் திறக்கும் முன் பத்து நிமிடம் பேசவிடுங்கள். எறும்பைப் பற்றி என்ன தெரியும், என்ன தெரியவேண்டும்? 'எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது' என்று ஒரு பிள்ளை கேட்டால் அதைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். 'எறும்புகள்' என்பதைவிட அது எவ்வளவோ நல்ல கட்டுரைத் தலைப்பு!

அப்புறம், கதையைப் போல முதல் பக்கத்திலிருந்து படிக்கவேண்டியதில்லை என்று சொல்லிக்கொடுங்கள். பொருளடக்கம், துணைத்தலைப்பு, படத்தின் கீழுள்ள வரி இவற்றைப் பார்த்து நேரே விடை இருக்கும் இடத்துக்குப் போகலாம். இதை யாரும் சொல்லாததால்தான் பல பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள். புத்தகம் வெளியான ஆண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 2006க்கு முந்தைய நூல்களில் புளூட்டோ ஒன்பதாவது கோள்; இப்போது அதைக் கோள்களில் ஒன்றாகக் கணக்கிடுவதில்லை.

எறும்பு விட்டுச்செல்லும் வாசனைத் தடத்தைப் பற்றிப் படித்தாயிற்றா? சரி, புத்தகத்தை மூடட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லட்டும். பிறகு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதட்டும். பெயர், எண் சரிபார்க்க மட்டும் மறுபடி திறக்கலாம். முதலில் நாலு வரிதான் வரும், அதுவும் தடுமாறும். ஆனால் அது அந்தப் பிள்ளையின் சொந்த வரி. உடனே சிவப்பு மையால் பிழை திருத்தாதீர்கள். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: 'மழை பெய்தால் அந்தத் தடம் என்ன ஆகும்?'